அவுகளுக்குப் பருப்புன்னா உசுரு

மாப்ளே,

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், அப்படியும் விரலை விட்டு நார்த்தங்காய் வாசனை போக மாட்டேன் என்கிறது. உன் வீட்டு ஊறுகாய்தான். லீவு முடிந்து திரும்பிய ஒருவர் கையில் உன் பெண்டாட்டி கொடுத்தனுப்பியிருக்கிறாள். நேற்று டியூட்டி முடிந்து ரூமுக்கு வந்தபோது என் கட்டிலில் பொட்டலமாகக் கிடந்தது. பாட்டில் மூடிக்கு மேல் பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் டேப், அதற்கும் மேல் பழைய செய்தித்தாள். அத்தனையையும் மீறி எண்ணெய் கசிந்து என் போர்வையில் வட்டமாக ஒரு கறை. முன்பெல்லாம் உன் போர்வையில் இருந்த கறை. இப்போது எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இன்று உன் வருசத் திதி. உன் ஊரில் எல்லாம் முடிந்திருக்கும். இங்கேயும் முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். செத்தவனிடம் கோபப்படக் கூடாது என்று ரூமில் எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். நான் கோபப்படத்தான் போகிறேன். எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டியதை நீ கேட்காமலேயே போய்விட்டாய், பிறகு நான் வேறு எப்படிச் சொல்வது?

நம் இருவரையும் ஒரே வேன்தான் சவுதியில் இந்த ஜுபைல் கேம்ப்பில் கொண்டுவந்து இறக்கியது. நீ சிவகங்கைப் பக்கம், நான் புதுக்கோட்டைப் பக்கம். வேலை, பிளான்ட்டில் ஸ்கஃபோல்டிங் சாரம் கட்டுவது. முந்தைய நாள் வரை முகமே தெரியாதவர்கள், ரூமில் பெட்டியை வைத்த அன்றைக்கே மாப்ளை மச்சான் ஆகிவிட்டோம். நீ கீழ்க்கட்டில், நான் மேல்கட்டில். சிகரெட் இல்லை, சீட்டாட்டம் இல்லை, டவுனுக்குப் போனால் ஜூஸ்கூடக் குடிக்க மாட்டாய். ரூமில் உனக்கு வைத்த பெயர் சாமியார். நானும் நம்பினேன்.

அந்த வெள்ளிக்கிழமை வரைதான். எல்லோரும் கம்பெனி பஸ்ஸில் டவுனுக்குக் கிளம்பினார்கள். நானும் ஏறி உட்கார்ந்த பிறகு சட்டைப் பையைத் தடவினால் இக்காமா அடையாளக் கார்டு இல்லை. கார்டு இல்லாமல் வெளியே சுற்ற முடியுமா? இறங்கித் திரும்பி வந்தேன். ரூம் கதவைத் திறந்ததும் இஸ்திரிப் பெட்டி சூடேறிய வாசனை. கூடவே ரொட்டி கருகும் வாசனை. உன் கட்டிலைச் சுற்றி நீ கட்டியிருந்த பெட்ஷீட் திரை இழுத்து மூடியிருந்தது. "மாப்ள" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. ஆனால் உள்ளே ஆள் இருப்பதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதும் நன்றாகவே தெரிந்தது. உடம்புக்கு ஏதோ என்று பயந்து திரையை இழுத்தேன்.

சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். மடியில் செய்தித்தாள், கையில் சுருட்டிய குப்பூஸ் ரொட்டி. மணிக்கட்டு வழியாக இனிப்பு டின் பால் முழங்கை வரைக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது. மீசை முழுக்கச் சிவப்பாகச் சிப்ஸ் தூள். கன்னம் இரண்டும் உப்பியிருக்க, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என்னைப் பார்த்தாய். சாமியாரை அந்தக் கோலத்தில் பார்த்ததும் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து ரூம்காரன் சுவரைத் தட்டினான்.

"கதவச் சாத்து மச்சான், மொதல்ல கதவச் சாத்து" என்றாய், வாயில் இருந்ததை எப்படியோ உள்ளே தள்ளிவிட்டு.

ரூமில் அடுப்பு வைக்கக் கூடாது. பிடித்தால் கேம்ப் பாஸ் பெயரை எழுதிக்கொண்டு போய்விடுவார். அதற்கு நீ கண்டுபிடித்த வழிதான் இஸ்திரிப் பெட்டி. குப்பூஸை அலுமினியத் தாளில் சுற்றி, மேலே உன் பழைய பனியனை விரித்து, சட்டைக்குப் போடுவதுபோல அழுத்தித் தேய்ப்பாய். உன் டியூட்டி சட்டையில் எப்போதும் ரொட்டி வாசனை அடித்த காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. சூடான குப்பூஸில் டின் பாலை ஊற்றித் தடவ வேண்டும். காரச் சிப்ஸ் பாக்கெட்டைத் திறப்பதற்கு முன்பே கைக்குள் வைத்து நொறுக்கி, அந்தத் தூளை மேலே கொட்ட வேண்டும். கடைசியாக ஊரிலிருந்து வந்த நார்த்தங்காய் ஊறுகாயைப் பிய்த்துப் பிய்த்து வரிசையாக வைத்துச் சுருட்ட வேண்டும். உன் பெண்டாட்டி அந்த ஊறுகாயைத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்று போட்டு அனுப்பினாள். அது சவுதியில் பாலில் குளித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

எனக்கும் ஒரு வாய் கொடுத்தாய். நான் அப்போதே முகத்துக்கு நேராகச் சொன்னேன்: "நாய்கூடத் திங்காதுடா இத." இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

நீ கோபித்துக்கொள்ளவில்லை. "ஒனக்குத் தெரியல மச்சான். மொதல்ல இனிப்பு வரும். அது போறதுக்குள்ள உப்பு. அப்பறம் கசப்பு. கடசில காரம். ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கா, அது முடியிற வரைக்கும் வேற எதையும் நெனைக்க நேரமிருக்காது" என்றாய். பிறகு விரலை நக்கிக்கொண்டே, "யாருட்டயும் சொல்லிராத" என்றாய்.

எனக்கு அது விளங்கவே இல்லை. இந்தக் கேம்ப்பில் கண்றாவியாகத் தின்னாதவன் யார்? நான் பால் இல்லாத சுலைமானி டீயில் மிக்சரைக் கொட்டி ஸ்பூனால் அள்ளித் தின்பவன். நம் மெஸ் சமையல்காரச் சேட்டன் பேரீச்சம்பழத்தைப் பிளந்து உள்ளே மீன் ஊறுகாயை வைத்து, அதையும் கவுன்டரில் நின்று எல்லோர் முன்னாலும் வாயில் போட்டுக்கொள்வார். சிரிப்போம், அத்தோடு விட்டுவிடுவோம். உனக்கு மட்டும் எதற்குத் திரை வேண்டியிருந்தது?

கேட்டுக்கேட்டுத்தான் அந்தப் போட்டோ விஷயம் உன் வாயிலிருந்து வந்தது.

நாம் பழகுவதற்கு முன்னால் நீ வேறு கம்பெனியில் இருந்த காலத்துக் கதை. பிளான்ட்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஒரு பெரிய ஷட்டவுன் வேலை முடிந்ததற்குக் கம்பெனி எல்லோருக்கும் மந்தி என்கிற அரபுக் கறிச்சோற்று விருந்து வைத்தது. நடுவில் பெரிய தாம்பாளம், மலையாகச் சோறு, மேலே முழு ஆட்டுத்தொடை. யாரோ போட்டோ எடுக்க, நீ அந்தத் தொடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாய். வாய்க்கு ஒத்துக்கொள்ளாமல் கறியைப் பக்கத்தில் இருந்தவனிடம் தள்ளிவிட்டு வெறும் தயிரும் சோறும்தான் தின்றேன் என்று என்னிடம் சத்தியம் பண்ணினாய். நம்புகிறேன். ஆனால் போட்டோவில் இருந்தது தொடைதானே. அதை ஆசையாக வீட்டுக்கு அனுப்பினாய். உன் பெண்டாட்டியும் பெருமையாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினாள்.

அதே மாதம்தான் நீ உன் அண்ணனிடம் பேசியிருந்தாய். வெயில் தாங்கவில்லை, முதுகு போய்விட்டது, இத்தோடு முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன், ஊரில் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று. அண்ணன் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "இப்படித் திங்கிறவனுக்கு அங்க என்ன கஷ்டம்? இன்னுங் கொஞ்ச நாளு இருந்துட்டு வரட்டும்."

அந்தக் கொஞ்ச நாள்தான் மாப்ளே, நீ பெட்டிக்குள் படுத்துப் போகிற வரைக்கும் முடியவே இல்லை.

அதிலிருந்து நீ முடிவெடுத்துவிட்டாய். நல்லதைத் தின்பதை வீட்டார் கண்ணில் காட்டக் கூடாது. கஷ்டப்படுகிறவன் கஷ்டப்படுகிறவனாகவே தெரிய வேண்டும், அப்போதுதான் ஒருநாள் "வா" என்று சொல்வார்கள். இதுதான் உன் கணக்கு. இந்த மடத்தனத்துக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது? காட்டிக் காட்டி என்ன ஆயிற்று? ஒருத்தரும் வா என்று சொல்லவில்லை. நீ பருப்பு தின்பதைப் பார்க்க அவர்கள் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வீடியோ கால் நேரத்தில் நம் ரூமைப் பார்த்தால் நாடகக் கொட்டகை தோற்றுவிடும். நான் எனக்கு முன்னால் வைத்துக்கொள்வதற்கு அடுத்த கட்டில்காரனின் கோழித் துண்டுகளை இரவல் வாங்குவேன். என் வீட்டுக்காரி நான் மெலிந்துவிட்டேன் என்று அழுகிறவள், அவள் கண்ணுக்குக் கோழி தெரிய வேண்டும். கால் முடிந்ததும் உரியவனிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நீயோ டின் பாலைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, மெஸ்ஸில் ஊற்றிய பருப்பை முன்னால் நகர்த்துவாய். மஞ்சள் தண்ணீர் என்று நீ திட்டாத நாள் கிடையாது. தொண்டைக்குள் போனாலே குமட்டுகிறது என்பாய். ஆனால் போன் திரையில் உன் பெண்டாட்டி முகம் வந்ததும் ஒரு கவளம் எடுத்து வாயில் வைப்பாய்.

"என்ன வெஞ்சனம் இன்னைக்கி?" என்று அவள் கேட்பாள்.

"பருப்புத்தான்."

"இன்னைக்குமா? நேத்தும் அதத்தான சொன்னீக?"

"எனக்கு அதுவே போதும்."

எனக்கு அதுவே போதும். மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கால் முடிந்தவுடன் தட்டு அப்படியே குப்பைக் கூடைக்குப் போகும். நீ திரையை இழுத்துக்கொள்வாய். இஸ்திரிப் பெட்டி ஸ்விட்ச் போடும் சத்தம் கேட்கும்.

இதிலாவது உனக்கு ஏதோ ஒரு காரணம் இருந்தது. லீவில் போய் நீ செய்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

போன முறை லீவு முடிந்து வந்து பெட்டியை வைத்த கையோடு பக்காலாவுக்கு ஓடினாயே, நினைவிருக்கிறதா? நம் கேம்ப் வாசலில் இருக்கும் மளிகைக் கடையை யாராவது இடித்துவிடப் போகிறார்கள் என்பதுபோல ஓடினாய். டின்னும் சிப்ஸுமாகத் திரும்பி வந்து, குப்பூஸைச் சூடுகூடப் பண்ணாமல் சுருட்டித் தின்றாய். ஊரில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவன் இப்படிப் பறக்கிறானே என்று கேட்டேன்.

"ஊர்லயா? லீவு முழுக்கப் பருப்பு மச்சான்" என்றாய். "காலைல இட்டிலிக்குப் பருப்பு. மத்தியானம் பருப்பு, நெய் ஊத்தி. சாயங்காலம் பருப்பு வடை. அவுகளுக்குப் பருப்புன்னா உசுருன்னு ஊரெல்லாஞ் சொல்லி வச்சிருக்கா. ஆசையாப் பிசைஞ்சு வேற வைக்கிறா. என்ன செய்யச் சொல்ற?"

"புடிக்காதுன்னு சொல்ல வேண்டியதுதானடா."

"சொன்னா, அப்ப இத்தன வருசமாப் போன்ல தின்னது என்னன்னு கேப்பா. அத எங்க இருந்து ஆரம்பிக்கிறது?"

ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒருநாள் கோபித்துக்கொள்வாள், ஒருநாள் பேசாமல் இருப்பாள், மூன்றாம் நாள் கடையில் டின் பாலை வாங்கிவந்து உன் முன்னால் வைத்துவிட்டு, "தின்னு தொலைங்க" என்றிருப்பாள். இதை அப்போதும் சொன்னேன். நீ சிரித்துவிட்டு இன்னொரு குப்பூஸை எடுத்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு மேற்கொண்டு திட்ட வராது. அதை வைத்துத்தான் எல்லோரிடமும் தப்பித்துக்கொண்டிருந்தாய்.

பிறகு அந்த ஆகஸ்ட். சைட்டில் இரும்புக் குழாயைக் கையுறை போட்டுத் தொட்டாலும் சுட்டது. மதியம் வேலையை நிறுத்தி நம்மை பஸ்ஸில் ஏற்றினார்கள். நீ முன்னால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாய், எனக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. பஸ் கேம்ப் வாசலில் நின்றது. எல்லோரும் இறங்கினோம். நீ இறங்கவில்லை. தூங்குகிறாய் என்று நினைத்து, டிரைவர் பாய் "யல்லா பாய், ஜல்தி" என்று ஹாரன் அடித்தார். உன் தோளைத் தொட்டவன் நான்தான். மற்றதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

உன்னை ஊருக்கு அனுப்புகிற பேப்பர் எல்லாம் முடிவதற்கு நாள் பிடித்தது. உன் அலமாரியைக் கேம்ப் பாஸ் முன்னிலையில் நான்தான் காலி செய்தேன். சட்டை, கம்பளி, மகளுக்கு வாங்கி வைத்திருந்த கைக்கடிகாரம், எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினேன். பாதி டின் பாலும், நொறுக்காத சிப்ஸ் பாக்கெட்டும், அடியில் கொஞ்சம் ஊறுகாயும் மிஞ்சின. தின்பண்டம் அனுப்ப முடியாது என்றார் கேம்ப் பாஸ். "காலி கரோ" என்று குப்பைக் கூடையைக் காட்டினார். உன்னைப் பற்றிய உண்மை அத்தனையும் அந்தக் கூடைக்குள் விழுந்தது. பெட்டியில் போனதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த ஆள்தான்.

எனக்கு லீவு தரவில்லை. உன் கருமாதியை நான் போனில்தான் பார்த்தேன். உன் அண்ணன்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது, அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "வாயக் கட்டி வயித்தக் கட்டி எங்களுக்காக ஒழைச்சான்யா. ஒரு நல்லது கெட்டது தின்னிருப்பானா?" ஆட்டுத்தொடைப் போட்டோவைப் பார்த்துப் பேசிய அதே வாய். எழவு வீட்டில் என்ன பேசுவது?

பிறகு போனைப் படையல் பக்கம் திருப்பினார். உன் படம், மாலை, முன்னால் பெரிய தலைவாழை இலை. உனக்குப் பிடித்ததையெல்லாம் வைத்திருக்கிறோம் என்றார்கள். இலை நடுவில் சோறு. சோற்றுக்கு மேல் பருப்பு. பக்கத்தில் கிண்ணத்தில் இன்னும் பருப்பு. ஓரத்தில் பருப்பு வடை, பருப்புப் பாயசம். உன் பெண்டாட்டி குனிந்து நெய்யை ஊற்றினாள். நான் பார்ப்பது தெரிந்து நிமிர்ந்து, "நல்லாப் பாத்துக்கங்கண்ணே. அவுகளுக்குப் பருப்புன்னா உசுரு" என்றாள்.

என்னால் முடியவில்லை மாப்ளே. நீ உயிரோடு இருந்தவரை வாயை மூடிக்கொண்டிருந்தேன், நீ கேட்டுக்கொண்டாய் என்பதற்காக. செத்த பிறகும் உனக்கு அதையே ஊட்டுகிறார்கள் என்றால் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

"தங்கச்சி, அவனுக்குப் பருப்பு ஆகவே ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டேன்.

நெய்க் கரண்டி அப்படியே நின்றது. "என்னண்ணே சொல்றீக? தெனமும் அதத்தான தின்னாக?"

"போனுக்குத்தாம்மா தின்னான். அவனுக்குப் புடிச்சது வேற."

"ஏப்பா, எந்த நேரத்துல என்ன பேசுற?" என்று உன் அண்ணன் குரல் கேட்டது. அத்தோடு கால் போய்விட்டது. படையலைக் காகம் எடுத்ததா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது. எடுத்திருக்கும். காகத்துக்கு என்ன, அது எதையும் தின்னும்.

சில நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். வீட்டுக்குப் பின்னால் வந்து பேசுகிறாள் என்று தெரிந்தது, கோழிச் சத்தம் கேட்டது. அழுகை இல்லை. "அன்னைக்கிச் சொன்னீகளே, அது நெசமாண்ணே?" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். திரை, இஸ்திரிப் பெட்டி, டின் பால், அவள் போட்ட ஊறுகாய், குப்பைக் கூடைக்குப் போன பருப்பு, போட்டோவுக்கு அண்ணன் சொன்ன வார்த்தை, எதையும் மறைக்கவில்லை.

"லீவுக்கு வந்தப்பவும் நடிச்சாகளா?"

என்ன சொல்லச் சொல்கிறாய் என்னை? "ஆமாம்மா" என்றேன்.

"ரெண்டாவது தரம் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னாகளேண்ணே" என்றாள். "இன்னங் கொஞ்சம் பருப்பு ஊத்துன்னு அவுகளாத்தான் தட்ட நீட்டுனாக. கல்யாணம் பண்ணி இத்தன வருசத்துல அவுக எங்கிட்ட வாய் தொறந்து கேட்டது அது ஒண்ணுதாண்ணே."

அப்புறம் அவள் பேசவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாமே, நெய் ஊற்றிக்கொண்டிருந்தவள் கையில் அந்த நிம்மதியாவது மிஞ்சியிருக்குமே என்று பக்கத்துக் கட்டில்காரன் சொன்னான். அவனோடு சண்டை போட்டேன். அவளை ஏமாற்றியது நானா?

அப்படியே மாதங்கள் போயின. போன வாரம் திடீரென்று அவளிடமிருந்து போன். ஊறுகாய் கொடுத்தனுப்பியிருப்பதாகச் சொன்னாள்.

"திதி வருதுண்ணே. இங்க இலையில நான் பருப்புத்தான் வைப்பேன். எனக்கு அவுக காட்டுனது அதத்தான். எனக்குத் தெரிஞ்சத நான் வைக்கிறேன். உங்களுக்குத் தெரிஞ்சத நீங்க அங்க வச்சிருங்க. அவுக பொழைச்சதே அங்கதான?"

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இன்று வெள்ளிக்கிழமை. எல்லோரும் டவுனுக்குப் போய்விட்டார்கள். உன் கட்டிலில் இப்போது படுத்திருக்கும் விழுப்புரத்துக்காரரிடம் முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன். பெட்ஷீட்டை மடித்து ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். உன் திரையை அவர் எப்போதோ கழற்றிவிட்டார், அவருக்கு அது தேவைப்படவில்லை. பக்காலாவில் டின்னும் சிப்ஸும் வாங்கி வந்தேன். இஸ்திரிப் பெட்டி அதேதான். குப்பூஸைத் தாளில் சுற்றித் தேய்த்தேன். முதல் குப்பூஸைக் கருக்கிவிட்டு, இரண்டாவதைத்தான் ஒழுங்காக எடுத்தேன். பாலை ஊற்றி, சிப்ஸை நொறுக்கித் தூவி, நார்த்தங்காயைப் பிய்த்து வைத்தேன். சுருட்டவில்லை. உள்ளே இருப்பது தெரிய வேண்டும் என்று விரித்தபடியே தாளோடு உன் கட்டிலில் வைத்தேன். விளக்கு இல்லை, பத்தி இல்லை. பத்தி கொளுத்தினால் புகை அலாரம் கத்தும்.

அந்த நேரத்தில் அவள் வீடியோவில் வந்தாள். போனை அவளே பிடித்திருந்தாள், பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. தன் பக்கத்து இலையைக் காட்டினாள். சோறு, பருப்பு, நெய். சொன்னபடியே செய்திருந்தாள். "உங்களதக் காட்டுங்கண்ணே" என்றாள்.

போனைக் கட்டில் பக்கம் திருப்பினேன்.

"கொஞ்சம் கிட்டக்கக் காட்டுங்க."

குனிந்து கிட்டே கொண்டுபோனேன். பால் ஓரத்தில் வழிந்து தாளில் தேங்கியிருந்தது. அதில் ஊறுகாய் எண்ணெய் மிதந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு பெரிய ரகசியத்தை அதில் தேடினாளோ தெரியாது. நான் போனை இன்னொரு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"இம்புட்டுத்தானாண்ணே?" என்றாள்.

"இம்புட்டுத்தாம்மா."

"இதுக்கா எங்கிட்டப் பொய் சொன்னாக? ஒரு ரொட்டிக்கும் பாலுக்குமா? எனக்கு இது புடிக்கும்டின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அள்ளி அள்ளி வச்சிருக்க மாட்டேனா?"

அவள் அழவில்லை. போனை வைத்துவிட்டாள்.

நீதான் பதில் சொல்லியிருக்க வேண்டும் மாப்ளே. எனக்குத் தெரியவில்லை. உன் அண்ணனுக்குப் பயந்தாய் என்று சொல்லலாம், போட்டோவுக்குப் பயந்தாய் என்று சொல்லலாம். ஆனால் நீ பயந்தவர்கள் யாரும் நஷ்டப்படவில்லை. அண்ணன் இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் தம்பி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினான் என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். ஆசையாய்ப் பிசைந்து வைத்தவளுக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் ஊட்டியதில் ஒரு வாய்கூட உனக்கு இறங்கவில்லை என்று தெரிந்துகொண்டு, மிச்ச வாழ்நாளை அவள் ஓட்ட வேண்டும். உன்னை என்னால் மன்னிக்க முடியவில்லை. உன்னை நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

படையலை வீணாக்கக் கூடாது என்று கடைசியில் நானேதான் தின்றேன். இப்போதும் கண்றாவியாகத்தான் இருக்கிறது. நீ சொன்ன வரிசையில் இனிப்பு வந்தது, உப்பு வந்தது, கசப்பும் வந்தது. வேறு எதையும் நினைக்க நேரமிருக்காது என்றாயே, அது மட்டும் நடக்கவில்லை. தின்று முடிக்கிற வரைக்கும் உன் பெண்டாட்டி முகம்தான் கண்முன்னால் நின்றது.

சாயங்காலம் நான் என் வீட்டுக்குக் கால் பண்ண வேண்டும். அடுத்த கட்டில்காரன் வழக்கம்போலக் கோழித் துண்டை எடுத்து வைத்திருப்பான். வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். சுலைமானியில் மிக்சரைக் கொட்டி, ஊறி உப்பியதும் ஸ்பூனோடு முன்னால் வைத்துக்கொள்ளப் போகிறேன். என் வீட்டுக்காரி பதறுவாள், அழுவாள், அப்ப அந்தக் கோழியெல்லாம் யாருடையது என்று கேட்பாள். கேட்கட்டும், திட்டட்டும். உன் வீட்டில் இன்று கேட்ட கேள்வியை அவள் என் இலைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்கக் கூடாது.